தோள் மாற்றும் இடம்

ஸ்டூடியோ தம்பிகளே, கிளிக் இல்லாமல் பதிவான பாட்டை டெம்போவில், அதாவது ஒரே வேகக் கணக்கில், எப்படி உட்கார வைப்பது என்று நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஸ்டூடியோ நாற்காலியை விட்டு எழுந்த பிறகு மென்பொருளே மாறிவிட்டது என்கிறார்கள். வலது காதும் பாதி போய்விட்டது. அதனால் பொத்தானை விட்டுவிட்டு ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது வெற்றியா தோல்வியா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் எட்டாவது பாதியில் பள்ளியை விட்டவன். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். மைக் செட்டுக்காரரிடம் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டருக்குக் கையாளாக இருந்தேன். மறுபடியும் மைக் செட், அப்புறம் கேசட் கடை. சில வேலைகளை நான் விட்டேன், சில வேலைகள் என்னை விட்டன. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டூடியோவில் மட்டும்தான் கடைசிவரை தங்கினேன். ஆசைப்பட்டுத் தங்கினேன் என்று நினைக்காதீர்கள். அதற்குள் முதுகு போய்விட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான்.

கீழே சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் நகர்ந்தால் எங்கள் மைக் ஸ்டாண்டு ஆடும். வரிசை அசையாமல் நிற்கும்போது பதிவு செய்வோம். வரிசை நகரும்போது டீ குடிப்போம். அந்தப் பகுதியில் டிரெய்லர் வரிசை நகர்ந்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் மட்டும் முகம் சுளிப்போம்.

கிளிக் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதை வீட்டில் வாங்கிப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாடுகிறவர் காதில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அவர் பாடுவார். திரையில் சம இடைவெளியில் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு தட்டும் ஒரு கோட்டின்மேல் போய் உட்காரும். பிறகு அதன்மேல் எந்த வாத்தியத்தையும் ஏற்றலாம். கிளிக் இல்லாமல் பாடியது இந்தக் கோடுகளை மதிக்காது. அப்போது இரண்டு வழிதான் உண்டு. பாட்டை வெட்டி இழுத்துக் கோட்டின்மேல் உட்கார வைக்கலாம். இல்லையென்றால் கோடுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைக்கலாம். முன்னது சீக்கிரம் முடியும். பின்னது கண்ணைப் பிடுங்கும்.

இனி ஏகாம்பரம்.

கொருக்குப்பேட்டையில் ஒரு பேண்டு செட்டில் அவர் டிரம்பெட். பெரிய டிரம் அடித்தவர் முனுசாமி. கல்யாணம், சாவு, கோயில் ஊர்வலம், எதற்குப் போனாலும் முன்னால் ஏகாம்பரம், அவர் முதுகுக்குப் பின்னால் முனுசாமி. அந்த டிரம் தட்டுகிற அதிர்வு தன் முதுகெலும்பில் வந்து விழும், அதை வைத்துத்தான் ஊதுவேன் என்று ஏகாம்பரம் சொல்வார்.

முனுசாமி இறந்த அன்று எனக்கு ஏகாம்பரத்திடமிருந்து போன் வந்தது. என் ரெக்கார்டரும் கம்ப்யூட்டரும் அவருக்குப் ‘பொட்டி’தான். “நைனா, உன் பொட்டிய எட்துகினு வா. முன்சாமிக்கு ஊதப் போறேன். புட்ச்சு வெய்யி.”

அந்த செட்டில் ஒரு வழக்கம் உண்டு. தங்கள் ஆள் போனால் கூலிக்கு வாசிக்க மாட்டார்கள், வண்டியும் வைக்க மாட்டார்கள். தோளில்தான் பாடை. அன்றைக்குத் தோல் வாத்தியம் ஒன்றும் பேசக்கூடாது. இறந்தவரின் வாத்தியத்தை மாலை போட்டுத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள். ஆகவே முனுசாமியின் ஊர்வலத்தில் டிரம் இல்லை. டிரம்பெட் ஒன்று, கிளாரினெட் ஒன்று, மீதியெல்லாம் செருப்புச் சத்தம். கழியில் மைக்கைக் கட்டிக்கொண்டு நானும் கூடவே நடந்தேன். காதில் ஹெட்போன், கண் முழுக்க மீட்டர் முள்மேல். ரயில்வே கேட்டு, நேர் ரோடு, பேசின் பிரிட்ஜ் பக்கம் போகிற பாலம், பாலம் இறங்கினால் சுடுகாடு. அவ்வளவையும் பிடித்துக்கொண்டு வந்து ஒரு பிரதியை ஏகாம்பரத்தின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். என்னுடையது ஹார்ட் டிஸ்கில் கிடந்தது.

அதற்கு அடுத்த வருடம் ஏகாம்பரத்துக்குச் சர்க்கரை வந்து முன்வரிசைப் பற்கள் ஆடத் தொடங்கின. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். முன்பல் இல்லாதவர் டிரம்பெட் ஊத முடியாது. உதட்டை வைத்து அழுத்த உள்ளே சுவர் வேண்டும். கட்டிய பல் செட்டோடு ஊதிப் பார்த்தார். செட்டு தொண்டைக்குள் போகப் பார்த்ததாம். டிரம்பெட்டைச் சொந்தக்காரப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். டிரெய்லர் பின்னால் வரும்போது விசில் ஊதி வழிகாட்டுவது அவர் வேலை.

“விசிலுக்குப் பல்லு வேணாம் நைனா,” என்பார். “ஆண்டவன் ஒண்ண புடுங்கினா ஒண்ண குட்க்கறான் பாரு.”

இப்படி இருக்கும்போதுதான் ஜெபா வந்தான். வண்ணாரப்பேட்டை மொத்தக் கடை வீட்டுப் பிள்ளை. கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு சினிமாவில் ஒரு இசையமைப்பாளரிடம் புரோகிராமராகச் சேர்ந்திருந்தான். கம்ப்யூட்டரில் தாளம் கட்டுவது அவன் பொறுப்பு. எங்கள் பக்கத்துக் குரல்கள் வேண்டும் என்று கோரஸ் எடுக்க வந்தவன், நான் வேறு எதையோ தேடும்போது முனுசாமி ஊர்வலம் தவறுதலாக ஓடியதைக் கேட்டுவிட்டான்.

“அண்ணே, நிறுத்தாதீங்க. இது என்னண்ணே?”

சொன்னேன்.

“எங்க படத்துல இதே மாதிரி ஒரு சாவு ஊர்வலப் பாட்டு இருக்குண்ணே. டிரம்பெட்டுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். இந்த ஊதல எனக்குத் தருவீங்களா? அவருகிட்ட நான் பேசுறேன்.” கொஞ்சம் யோசித்தான். “ஆனா எங்க மியூசிக் டைரக்டர் சாரு பாட்ட முடிச்சு வெச்சுட்டாரு. டெம்போ ஒண்ணுதான், ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் மாறாது. அதுல இது ஒக்காரணும். நாளன்னிக்குக் காலைல சாரு கேப்பாரு. ஒக்காரலேன்னா இதே மெட்ட வேற ஆளவெச்சு ஸ்டூடியோல வாசிச்சு எடுத்துருவாங்க.”

அன்று சாயங்காலமே ஏகாம்பரத்திடம் சொன்னேன். யார்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு டிரெய்லரை உள்ளே விட்டார்.

“நைனா, நான் எத்தினி கல்யாணத்துல ஊதிக்கீறேன்? எல்லா வூட்லயும் வீடியோ எட்த்தானுங்க. அத்தினியிலயும் நான் கன்னத்த உப்பிகினு நிக்கறேன். ஆனா சத்தம் வராது. எங்க சத்தத்த எட்துட்டு சினிமாப் பாட்டு போட்டுடுவானுங்க. அந்த வீடியோ எடிட்டிங் பண்ற பசங்க அப்டித்தான். சாவுக்கு ஊதினா எவன் வீடியோ எடுப்பான்? ஊர்ல நான் ஊதினது எங்கயும் இல்ல. நீ புட்ச்சது ஒண்ணுதான். அத்த வேற எவனயாவது வெச்சு ஊதிட்டானுங்கன்னா, அதுவும் போச்சு.”

நான் ஒக்கார வெச்சுடறேண்ணே என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த டிரெய்லருக்கு விசில் ஊதப் போனார்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். முதலில் மென்பொருளிடமே தாளத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சாதாரணமாக அது டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். இங்கே டிரம்மே இல்லை. ஊர்வலத்தில் யாரோ சரவெடி கொளுத்தியிருந்தார்கள். மென்பொருள் அந்த வெடியைத் தாளமென்று எடுத்துக்கொண்டு, பேய் பிடித்த மாதிரி ஒரு வேகத்தைக் காட்டியது. வெடி இல்லாத இடத்தில் சுடுகாட்டு நாய் குரைத்ததைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் சிரிப்பு நின்றது.

ஆகவே முதல் வழியை எடுத்தேன். ஜெபாவின் கோடுகளைத் திரையில் போட்டு, டிரம்பெட்டை வெட்டி வெட்டி அவற்றின்மேல் இழுத்து உட்கார வைத்தேன். தொடக்கத்தில் ஒரு இடத்தில் மெட்டு நகராமல் நின்றது, சுருக்கினேன். அங்கங்கே ஒரு சுரம் தேவைக்குமேல் நீண்டது. ஏகாம்பரம் அசந்துவிட்டார் என்று நினைத்து வால்களை நறுக்கினேன். கடைசிப் பகுதி மெல்லமெல்ல தொய்ந்துகொண்டே போனது. களைத்துவிட்டார் என்று முடிவு செய்து நிமிர்த்தினேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு கோட்டில். திரையைப் பார்க்கவே அழகாக இருந்தது.

அந்த ஊர்வலத்தில் அவர் பக்கத்திலேயே நடந்தவன் நான். திரையைப் பார்த்தபோது அந்த ரோடு எனக்கு ஒரு துளிகூட ஞாபகம் வரவில்லை. எத்தனை வருடம் இந்த வேலை பார்த்தாலும் திரை இதைச் செய்யும். கேட்கவேண்டியதைப் பார்க்க வைத்துவிடும். அலுப்பாக இருக்கும் நாட்களில் இன்னும் சுலபமாகச் செய்யும்.

காலை ஷிப்டு முடித்து ஏகாம்பரம் யூனிபாரத்தோடு மாடி ஏறி வந்தார். கழுத்தில் கயிறு கட்டிய விசில். ஸ்டூலில் உட்கார்ந்தார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் பாதியில் திறந்தார்.

“நைனா, யாரு ஊதறது இது?”

“நீங்கதாண்ணே.”

“சும்மா பேஜாரு பண்ணாத.” இன்னும் கொஞ்சம் கேட்டார். “இன்னாப்பா இது, பொணத்த தூக்கிகினு ஓடறானுங்களா? பின்னாடி போலீசு தொர்த்திகினு வர்தா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பல் செட்டைக் கழற்றிப் பையில் வைத்திருந்ததால் வாய் முழுக்க ஈறுதான் தெரிந்தது.

“தோளு மாத்தவே இல்லியே நைனா? கேட்டுலேர்ந்து சுடுகாடு வரிக்கும் ஒரே தோளா? முன்சாமி இன்னா லேசான ஆளா? டிரம்ம மாட்னா டிரம்மே தெரியாது, அப்டி தொப்ப.”

“தோள் மாத்தறதுன்னா?”

“கூடவேதான வந்த? பாடைய தூக்கறவனுக்குத் தோளு வலிக்கும். பக்கத்துல வர்றவன் கை தட்டுவான். இவன் எறங்குவான், அவன் தோளு குட்ப்பான். அதுவரிக்கும் நான் அந்த சத்தத்த இழுத்துப் புட்ச்சிகினு இருக்கணும். எல்லா தோளும் மாறிட்ச்சான்னு பாத்துட்டுத்தான் அட்த்தது ஊதுவேன். அவசரப்பட்டன்னா எவனாவது கால எட்து வெச்சுடுவான், பாட சாஞ்சுடும். எல்லா நாளும் முன்சாமி டிரம்முல ஒரு உருட்டு குட்ப்பான், நான் இழுப்பேன். அன்னிக்கு அவன் பாட மேல படுத்துகினு கீறான். நான் மட்டும் இழுத்தேன்.”

நான் நறுக்கிப் போட்ட வால்கள் எல்லாம் அவைதான்.

அவர் கேட்டார். “இப்டி இர்ந்தாத்தான் அவனுங்க எட்துப்பானுங்களா?”

“ஆமாண்ணே.”

“அப்ப வுட்டுடு. இப்டியே குட்த்துடு.” விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். “வீடியோல மூஞ்சி என்னுது, சத்தம் வேற எவனுதோ. இதுல சத்தம் என்னுது, நட வேற எவனுதோ. பரவால்ல நைனா. அட்த்தவன் ஊதறதுக்கு இது மேலு.”

தம்பிகளே, இந்த இடத்தில் நான் சட்டென்று எதையும் முடிவு செய்யவில்லை. பசி. முதுகு வலி. முடித்த வேலை ஒன்று கையில் தயாராக இருக்கிறது, அதை அனுப்பிவிடு என்று சொந்தக்காரரே சொல்கிறார். அனுப்பியிருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி அந்த டிரம்பெட்டைப் பற்றிப் பேசினார். அது எனக்கு உறுத்தியது. அனுப்பினால் வேறு ஆளை வைத்து வாசித்ததற்கும் இதற்கும் அவரைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. அவர் விட்டுக்கொடுக்கிறார். நான் விட்டுக்கொடுப்பதற்கு அதில் என்னுடையது எதுவும் இல்லை.

“அண்ணே, நட யாரோடதுன்னு சொன்னீங்கல்ல. உங்களால இப்ப நடக்க முடியுமா?”

“எங்க?”

“இங்கதான்.”

எல்லா வெட்டையும் அழித்துவிட்டுப் பழைய பதிவைத் திறந்தேன். தரையில் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அதன் ஓரத்தில் மைக்கைப் படுக்க வைத்தேன். ஹெட்போன் கம்பி எட்டவில்லை. இன்னொரு கம்பியை ஒட்டினேன். கீழே லேத் பட்டறையில் சாப்பாட்டு நேரம், மெஷின் நின்றிருந்தது. விசில் சட்டைப் பித்தானில் தட்டிச் சத்தம் போடும் என்பதால் கழற்றச் சொன்னேன். அதை என் மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பலகைமேல் ஏறி நின்றார்.

“அன்னிக்கு எப்படி நடந்தீங்களோ அப்படியே. வேற எதையும் நினைக்காதீங்க.”

“உன் பொட்டில இன்னா மாடிப்படி கட்றியா நைனா?” என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார்.

டிரம்பெட் தொடங்கியது. அவர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிட்டார். “கேட்டு போட்டுட்டான்,” என்றார் சத்தமாக. காதில் ஹெட்போன் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். காலைத் தூக்கி வைப்பது நின்று, கால் ஒரே இடத்தில் தேய்ந்தது. பதிவில் கூட்ஸ் வண்டி போகிற சத்தம் எனக்கும் கேட்டது. நான் சுருக்கிய இடம் அது. வண்டி போகும்வரை மெட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டு நின்றிருக்கிறார்.

பிறகு நேர் ரோடு. கால் சீராக விழுந்தது. தோள் மாற்றும் இடம் வந்ததும் ஒரு கால் அப்படியே நின்றது. யாரையோ பார்க்கிற மாதிரி தலை பின்னால் திரும்பியது. பிறகு மெல்ல அடுத்த அடி.

பாலம் வந்தபோது எனக்கு அவர் சொல்லத் தேவையில்லை. முழங்கால் மடங்கியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. நெற்றியில் வேர்த்தது. சமதரையில், ஒரு பலகைமேல், மூச்சு வாங்கப் பாலம் ஏறினார். உச்சிக்குப் போனதும் இனி வேகம் கூடும் என்று நினைத்தேன். கூடவில்லை, இன்னும் குறைந்தது. முடிந்ததும் கேட்டேன்.

“எறக்கத்துல வேகமா போவக் கூடாது நைனா. பின்னாடி இருக்கறவன் பாரம் முன்னாடி இருக்கறவன் மேல சாயும். ஏறும்போது தூக்கறவன் கஷ்டப்படுவான், நான் மெதுவா ஊதுவேன். எறங்கும்போது அவன் ஓடப் பாப்பான், நான்தான் புட்ச்சு நிறுத்தணும்.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தண்ணி கீதா?”

அவர் கிளம்பிப் போன பிறகு ஒரு கால் தட்டுக்கு ஒரு கோடாக நகர்த்தி வைத்தேன். சாயங்காலம்வரை ஆனது. முடிந்தபோது டெம்போ வரைபடம், அந்தச் சாலையைப் பக்கவாட்டில் நின்று பார்த்த மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் கேட்டு, அப்புறம் சமம், அப்புறம் பாலம்.

ஜெபா வந்து பார்த்தான். “என்னண்ணே, டெம்போ பாம்பு மாதிரி நெளியுது?”

“உன் தாளத்த இந்தக் கோட்டுல போட்டுப் பாரு.”

போட்டான். கம்ப்யூட்டர் தாளம்தான், ஆனால் அது ஏகாம்பரத்தோடு கேட்டில் நின்றது, தோள் மாறும்வரை காத்திருந்தது, பாலத்தில் மூச்சு வாங்கியது. ஜெபா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். முடிந்ததும் ஒருமுறை மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

“எங்க தாத்தாவ இப்படித்தாண்ணே தூக்கிட்டுப் போனாங்க. நானும் தோள் குடுத்தேன். இந்த எடம்லாம் எனக்கு மறந்தே போச்சு.” பென்டிரைவைப் பையில் போட்டான். “சாருகிட்ட சண்ட போட்டுப் பாக்குறேன். வேலைய விட்டுத் தூக்கிட்டாருன்னா கடையில ஒக்காந்து பருப்பு நிறுக்கிறேன், வேற என்ன?”

மறுநாள் அவன் போன் செய்தபோது குரலிலேயே பாதி தெரிந்துவிட்டது.

“சாருக்கு ரொம்பப் புடிச்சதுண்ணே. ரெண்டு தடவ கேட்டாரு. ஆனா டான்ஸ் மாஸ்டரு ஒரே டெம்போவுக்கு ஸ்டெப் போட்டு முடிச்சுட்டாரு. எல்லாரும் ரிகர்சல் பண்ணிட்டாங்க. இனிமே மாத்த முடியாதுன்னுட்டாங்க. நேர் ரோடு வருதுல்ல, அது எங்க டெம்போவுக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. இழுக்கவே வேணாம். அத மட்டும் எடுத்துக்கிட்டோம்.”

“நடுவுல வர்ற தோள் மாத்தறது?”

“அது இல்லண்ணே. ரெண்டு தோள் மாத்தறதுக்கு நடுவுல இருக்கிறது மட்டும்தாண்ணே.”

“வேற ஆள் வாசிக்கலல்ல?”

“இல்லண்ணே. அவரோடதுதான். சத்தியமா.”

ஏகாம்பரத்திடம் போய் அப்படியே சொன்னேன். அவரும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார். வேறு எவனும் ஊதவில்லை என்றதும், “அப்ப போதும் நைனா,” என்றார். போதும் என்றால் போதும் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

படம் வந்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் மேட்னி ஷோவுக்குப் போனோம். அவருக்கு அன்று மாலை ஷிப்டு. யூனிபாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். பல் செட்டும் போட்டிருந்தார். அந்தப் பாட்டு வந்தபோது முன்வரிசைப் பையன்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். டிரம்பெட் பெரிய ஸ்பீக்கர்களில் வந்து விழுந்தது. அவருடைய சத்தம்தான். அவருடைய நடையும்தான். திரை வெளிச்சத்தில் பக்கத்தில் பார்த்தேன். அவருக்கே தெரியாமல் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

அடுத்த தோள் மாற்றும் இடம் வரவேண்டிய நேரத்தில் கதாநாயகன் ஏதோ பேசினான். டிரம்பெட் நின்றுவிட்டது. உப்பிய கன்னம் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

இடைவேளையோடு வெளியே வந்துவிட்டோம். எதிரே டீக்கடை. பாதி டீ குடித்துவிட்டு அவர் கேட்டார்.

“நல்லாத்தான இர்ந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுண்ணே. எல்லாரும் ஆடினாங்க.”

“ஆடினானுங்க.” கிளாஸை வைத்தார். “ஆனா நேர் ரோட்லயே வுட்டுட்டானுங்க நைனா. முன்சாமி இன்னும் பாலத்துக்கு இந்தாண்டயே கீறான்.”

டான்ஸ் மாஸ்டர், ரிகர்சல், ஜெபா என்று தொடங்கினேன். அவர் கையை ஆட்டினார்.

“அவனுங்களச் சொல்லல. உன் பொட்டில முழுசா கீதில்ல? ஷிப்டுக்கு நேரம் கீது. வா, முன்சாமிய கொண்ட்போயி சேத்துட்டு வந்துடலாம்.”

மாடி ஏறினோம். லேத் ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் டிரெய்லர் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எதையும் பதிவு செய்யப்போவதில்லை என்பதால் ஜன்னலை மூடவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார மாட்டேன் என்றார். நானும் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றேன். தாளமும் கோடும் இல்லாத பழைய பதிவை முதலிலிருந்து போட்டேன்.

கேட்டில் நின்றோம். கூட்ஸ் வண்டி போனது. நேர் ரோட்டில் டிரம்பெட் இழுத்துப் பிடித்த இடத்தில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தினேன். பார்த்துவிட்டுத்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அடுத்த சுரமும் வந்தது. பாலம் ஏறினோம். வெடி வெடித்தது. மெதுவாக இறங்கினோம்.

கடைசியில் டிரம்பெட் நின்று, கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. அதுவும் நின்றது. அவர் பல் செட்டைக் கழற்றித் துணியில் சுற்றினார், சட்டையை மாற்றினார், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.